கறுப்பா இருந்தா ஸ்ட்ராங்கா? மதுரோ சிகார் பத்தி வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல மதுரோ சிகாரை, அதாவது மேல சுத்தின இலை கறுக்குற வரைக்கும் புளிக்க வெச்ச சுருட்டை, ருசி பாக்கிறது பத்தி சின்னதா ஒரு பதில் போட்டிருந்தேன். கறுப்பு நிறத்துக்கும் வீரியத்துக்கும் சம்பந்தமில்லன்னு அதுல ஒரு வரி இருந்துச்சு, அந்த வரியைப் பிடிச்சுக்கிட்டு நிறைய பேர் எழுதியிருக்கீங்க. ஒரே மாதிரி வந்த கேள்விகளை சேர்த்துட்டு மீதிய இங்க போடுறேன். புகையிலைப் பழக்கமே இல்லாதவங்க தயவுசெஞ்சு இதைப் படிச்சிட்டு ஆரம்பிக்காதீங்க, சென்னையிலேர்ந்து ஒரு வாசகி கேட்டிருக்கிற கேள்வியை முதல்ல படிச்சிடுங்க.

கேள்வி: சார், இங்க கடையில கறுப்பா இருக்கிற சிகாரை எல்லாம் காட்டி "இது மதுரோ, ரொம்ப ஸ்ட்ராங், புதுசா பிடிக்கிறவங்களுக்கு வேணாம்"னு சொல்றாங்க. நீங்க வேற சொல்றீங்க. எது சரி? (வாசகர், நியூ ஜெர்சி)

கடைக்காரர் சொல்றது தப்பு. ஸ்ட்ராங்னு நாம சொல்றது நிக்கோட்டின் ஏறுறதைத்தான், அது பெரும்பாலும் உள்ள அடைச்சிருக்கிற இலையிலேர்ந்து, அதாவது ஃபில்லர்லேர்ந்து வருது. மதுரோங்கிறது மேல சுத்தியிருக்கிற ஒரே ஒரு இலையோட பக்குவம், அதைத்தான் ரேப்பர்ங்கிறாங்க. புகையிலைச் செடியில அடியில இருக்கிற இலை வொலாடோ, அது நல்லா தீப்பிடிக்கும், ருசி கம்மி. நடுவுல செக்கோ, வாசனை அதுலதான் ஜாஸ்தி. உச்சியில வெயிலை நேரா வாங்கிக்கிட்டு தடிச்சுப் போய் இருக்கிறது லிஹெரோ, நிக்கோட்டின் அதுலதான் அதிகம், மெதுவா எரியும், அதனால சிகார் சுத்துறவங்க அதை எப்பவும் நட்ட நடுவுல வெப்பாங்க. ஒரு சிகார் ஆளைச் சாய்க்குமா சாய்க்காதாங்கிறதை இந்த லிஹெரோ எவ்ளோ போட்டிருக்காங்கங்கிறதுதான் முடிவு பண்ணும். வெளிர் மஞ்சளா கனெக்டிகட் ஷேட் இலையைச் சுத்தி உள்ள லிஹெரோவை அள்ளி வெச்சா பாக்கிறதுக்கு சாதுவா இருக்கும், பாதி தாண்டுறதுக்குள்ள வேர்த்து விட்டுடும். கரிக்கட்டை மாதிரி இருக்கிற எத்தனையோ மதுரோ அப்படி எதுவும் பண்ணாது.

இன்னொண்ணு, வீரியம் வேற, கனம் வேற, ருசி வேற. வீரியம் உடம்புல தெரியும், கனம்ங்கிறது வாய்ல புகை எவ்ளோ தடிமனா உக்காருதுங்கிறது, ருசி மூக்குல தெரியும். மதுரோ ரேப்பர் பொதுவா கனத்தையும் ருசியையும் கூட்டும், அதைத்தான் கடைக்காரங்க ஸ்ட்ராங்குன்னு சேத்து சொல்லிடுறாங்க. இந்த மூணையும் தனித்தனியா பிரிச்சுப் பாக்கப் பழகிட்டாலே மதிப்பிடுற வேலை பாதி முடிஞ்ச மாதிரி. எந்த நிறமா இருந்தாலும் வெறும் வயித்துல மட்டும் பிடிக்காதீங்க, தலை சுத்துச்சுன்னா கீழ வெச்சிட்டு சர்க்கரை போட்டு எதையாவது குடிச்சிட்டு உக்காந்துடுங்க.

கேள்வி: ஒரு நல்ல மதுரோவை கையில எடுத்ததுலேர்ந்து அணைக்கிற வரைக்கும் நீங்க என்னென்ன பாப்பீங்க? ஒரே ஒரு சிகாரை எடுத்துக்கிட்டு விளக்கமா சொல்லுங்க அண்ணே. (வாசகர், டாலஸ்)

பத்ரோன்ங்கிற குடும்பக் கம்பெனியோட 1964 ஆனிவர்சரி எக்ஸ்க்ளூசிவோ மதுரோவை எடுத்துக்கறேன். அஞ்சரை இன்ச் நீளம், ரிங் கேஜ் 50, அதாவது ஒரு இன்ச்சை 64 பங்கு போட்டா அதுல 50 பங்கு பருமன், கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர். உருண்டையா இல்லாம நாலு பக்கமும் அழுத்தி லேசா சதுரமா இருக்கும், பாக்ஸ் பிரஸ்னு சொல்வாங்க. உள்ள வெளியன்னு மொத்த இலையும் நிகரகுவா, வெயில்ல வளந்தது, நாலு வருஷம் வெச்சுப் பக்குவமாக்கின இலை.

இதை எடுத்துக்கிட்டதுக்கு அந்தக் குடும்பத்தோட கதையும் ஒரு காரணம். ஹொசே ஒர்லாந்தோ பத்ரோன் 1926-ல கியூபாவுல பினார் டெல் ரியோ பக்கம் புகையிலை விவசாயக் குடும்பத்துல பிறந்தவர். புரட்சிக்கு அப்புறம் நிலம் போச்சு, நாட்டை விட்டு வந்து மியாமியில ஒரு நண்பர் குடுத்த சின்ன சுத்தியலை வெச்சு தச்சு வேலை பாத்து காசு சேத்து 1964-ல சிகார் கம்பெனி ஆரம்பிச்சாரு, அந்தச் சுத்தியல் இன்னிக்கும் கம்பெனியோட சின்னம். 1970-ல நிகரகுவாவுக்குப் போனாரு, 1978-ல அங்க கிளர்ச்சி நடந்தப்ப எஸ்தெலியில இருந்த ஃபேக்டரி எரிஞ்சு போச்சு. கியூபாவுல சிறையில இருந்தவங்களை விடுவிக்க காஸ்ட்ரோகிட்ட பேசப் போன குழுவுல இவரும் இருந்தாருங்கிறதுக்காக மியாமியில அவர் இடத்துல பல தடவை குண்டு வெச்சாங்க. 1985-ல அமெரிக்கா நிகரகுவா மேல வர்த்தகத் தடை போட்டுச்சு. அத்தனைக்கும் அப்புறம் கம்பெனியோட முப்பதாவது வருஷத்துக்காக 1994-ல வந்ததுதான் இந்த 1964 சீரிஸ். 2017-ல காலமானாரு. அம்பது வருஷத்துக்கு மேல இலையைத் தவிர வேற எதையும் யோசிக்காத ஒரு ஆளோட பொறுமை இந்த சிகார்ல தெரியும்னு நான் மனசார நம்புறேன்.

சரி, கையில எடுத்தாச்சு. முதல்ல வெளிச்சத்துல பாக்கணும். நல்ல மதுரோ இலை ஒரே மட்டமா கறுப்பா இருக்காது, ஒரு இடத்துல காபிப்பொடி நிறம், ஒரு இடத்துல அதைவிட கருமை, நரம்பு ஓடுற இடத்துல லேசா வேற, இதெல்லாம் இயற்கை. தலையிலேர்ந்து அடி வரைக்கும் பெயின்ட் அடிச்ச மாதிரி ஒரே கறுப்புன்னா எனக்கு சந்தேகம் வந்துடும். பிராட்லீஃப், சான் ஆந்த்ரேஸ் மாதிரி தடிச்ச இலைன்னா மேல பொடிப்பொடியா மேடு தெரியும், அந்த மேட்டுக்குள்ள எண்ணெய் இருக்கு, அது குறை இல்ல. அப்புறம் ரெண்டு விரலால நீளவாக்குல மெதுவா அழுத்திப் பாருங்க. ஒரு இடத்துல பொதுக்குன்னு உள்ள போனா அங்க இலை கம்மி, சூடா எரியும். ஒரு இடத்துல கல்லு மாதிரி இருந்தா அங்க முடிச்சு, இழுக்க வராது.

பத்த வெக்கிறதுக்கு முன்னாடி மோந்து பாருங்க, உடம்பை ஒரு தடவை, பத்த வெக்கிற முனையான அடியை ஒரு தடவை. உடம்புல வர்ற வாசனை ரேப்பர், அடியில வர்றது ஃபில்லர். எக்ஸ்க்ளூசிவோவுல எனக்கு உடம்புல கொக்கோவும் கொஞ்சம் தொழுவத்து வைக்கோல் வாசனையும் வரும், அடியில காஞ்ச திராட்சை. தொழுவத்து வாசனைன்னதும் முகம் சுளிக்க வேணாம், நல்லா புளிச்சு அடங்கின இலைக்கு அது உண்டு. அம்மோனியா நெடி மூக்குல ஏறுச்சுன்னா மட்டும்தான் பிரச்சனை, அந்த இலை இன்னும் பக்குவத்துக்கு வரல. அப்புறம் தொப்பியை, அதாவது வாய்ல வெக்கிற முனையை மூடியிருக்கிற இலையை மட்டும் மெல்லிசா வெட்டி எடுத்துட்டு பத்த வெக்காமலே ஒரு இழுப்பு இழுங்க. காத்து லேசான தடையோட வரணும்.

நெருப்புக்கு பியூட்டேன் லைட்டர் இல்லன்னா தீக்குச்சி. தீக்குச்சின்னா தலையில இருக்கிற மருந்து எரிஞ்சு முடியுற வரைக்கும் காத்திருங்க. பெட்ரோல் லைட்டர், மெழுகுவத்தி ரெண்டும் வேணாம், அந்த வாசனை கடைசி வரைக்கும் கூடவே வரும். தீ இலையைத் தொடாம சூடு மட்டும் படுற மாதிரி அடியைச் சுத்திச் சுத்திக் காட்டி, ஓரம் முழுக்க சிவந்ததுக்கு அப்புறம்தான் இழுக்கணும். மதுரோவுல இது ரொம்ப முக்கியம், ஏன்னா ரேப்பர் தடிமன், எண்ணெய் ஜாஸ்தி, உள்ள இருக்கிற இலையைவிட மெதுவாத்தான் பிடிக்கும். அவசரப்பட்டு பத்த வெச்சா உள்ள சுரங்கம் மாதிரி எரிஞ்சுகிட்டே போகும், வெளிய இலை அப்படியே நிக்கும், நாம ரேப்பரோட ருசியே இல்லாம வெறும் ஃபில்லரைக் குடிச்சிட்டு மதுரோ நல்லா இல்லன்னு எழுதிட்டுப் போயிடுவோம்.

ஒரு நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு போதும். நெஞ்சுக்குள்ள இழுக்கவே கூடாது, வாய்ல வெச்சு வெளிய விடணும், நாலு இழுப்புக்கு ஒரு தடவை வாய்ல இருக்கிற புகையில கொஞ்சத்தை மூக்கு வழியா விடுங்க. நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு மாதிரி நாலஞ்சுதான் தெரியும், மத்த எல்லாத்தையும் மூக்குதான் சொல்லும், மூக்கு வழியா விடாதவங்களுக்கு பாதி சிகார்தான் கிடைக்கும். முதல்ல எரியும், கொஞ்சமா விட்டுப் பழகுங்க.

எக்ஸ்க்ளூசிவோவை மூணு பங்கா பிரிச்சு சொல்றேன். முதல் பங்குல மிளகு வரும் ஆனா மிரட்டாது, சீக்கிரம் அடங்கிட்டு கொக்கோ மேல வரும், பால் போடாத காபி, அதுக்கு அடியில ஒரு மண் வாசனை. நடுப்பங்குதான் இந்த சிகாரோட உயிர், வறுத்த கொட்டை ருசி வரும், புகை வழவழப்பாகும், கருப்பட்டியைக் காய்ச்சுறப்ப கடைசியில வர்ற அந்தக் கறுகுன இனிப்பு மூக்குல நிக்கும், ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவுல வாய்ல எதுவும் இல்லாதப்பவும் அது போகாது. கடைசிப் பங்குல காபி ரொம்ப ஸ்ட்ராங் ஆகும், தோல் வாசனை வரும், மிளகு திரும்ப தலை காட்டும். நான் மதிப்பெண் போடுறதே இந்தக் கடைசிப் பங்கை வெச்சுத்தான். ஏன்னா எந்த மதுரோவும் முதல் பத்து நிமிஷம் நல்லாத்தான் இருக்கும், அவசரமா புளிக்க வெச்ச இலைன்னா கடைசியில கசப்பும் அம்மோனியாவும் சேந்து தொண்டையை அறுக்கும், உதடு எரியும். நாலு வருஷம் காத்திருந்து எடுத்த இலை கடைசி ரெண்டு இன்ச்லயும் இனிக்கும். வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்ல, நாக்குக்கே தெரிஞ்சிடும்.

சாம்பலைப் பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. இறுக்கமா நின்னா கட்டு நல்லா இருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான். வெள்ளையா கறுப்பாங்கிறது அது வளந்த மண்ணுல இருக்கிற தாதுவைப் பொறுத்தது, தரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஓரம் கோணலா எரிஞ்சா ஒரு தடவை லைட்டரால தொட்டு சரி பண்ணலாம், மதுரோவுல அது சகஜம். திரும்பத் திரும்ப தொட வேண்டி வந்தா மார்க்கைக் குறைங்க.

கேள்வி: மதுரோ கறுப்பாகுறதுக்கு சாயம் போடுறாங்க, வெல்லத் தண்ணி தெளிக்கிறாங்கன்னு ஒரு வீடியோவுல பாத்தேன். உண்மையா? (வாசகர், மதுரை)

சில பேர் பண்றாங்க, ஆனா நல்ல மதுரோவுல தண்ணியும் சூடும் காலமும் தவிர வேற எதுவும் கிடையாது. அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட் பக்கம் இருக்கிற நம்ம ஐடி ஜனங்க பிராட்லி ஏர்போர்ட்டுக்கு போற வழியில பக்கவாட்டுப் பலகையை எல்லாம் திறந்து போட்டிருக்கிற பெரிய பெரிய மரக் கொட்டகையைப் பாத்திருப்பீங்க, அதெல்லாம் புகையிலை உலத்துற இடம். கனெக்டிகட் ஆத்துப் பள்ளத்தாக்குல ரெண்டு விதமா புகையிலை போடுறாங்க. ஒண்ணு ஷேட், துணிப் பந்தல் போட்டு நிழல்ல வளத்து இலை இலையா கிள்ளி எடுக்கிறது. மார்ட்டின் லூதர் கிங் காலேஜ்ல சேர்றதுக்கு முன்னாடி 1944 கோடையில இந்தப் பக்கம் சிம்ஸ்பரிங்கிற ஊர்ல புகையிலை வயல்ல கூலி வேலை பாத்திருக்காரு, தெற்கே இருந்த நிறவெறி இங்க இல்லாததைப் பாத்து ஆச்சரியப்பட்டு வீட்டுக்கு லெட்டர் எழுதியிருக்காரு. ரெண்டாவது பிராட்லீஃப், அதுதான் நம்ம மதுரோ. பந்தல் கிடையாது, முழு வெயில், அறுவடையில செடியையே தண்டோட வெட்டி வதங்க விட்டு, குச்சியில கோத்து கொட்டகையில தலைகீழா தொங்க விடுவாங்க. தண்டுல இருக்கிற சத்து இலைக்குள்ள இறங்கிக்கிட்டே காயும்.

அப்புறம் பிலோன். காஞ்ச இலையைக் கட்டுக்கட்டா ஆள் உயரத்துக்கு அடுக்கி லேசா ஈரம் குடுத்தா உள்ள தானா சூடு ஏறும். நடுவுல தெர்மாமீட்டர் சொருகியிருக்கும், சூடு ஒரு அளவைத் தாண்டினா மொத்தத்தையும் பிரிச்சு உள்ள இருந்ததை வெளிய, வெளிய இருந்ததை உள்ளன்னு மாத்தி அடுக்குவாங்க. மெல்லிசு இலையை சீக்கிரமே பிரிச்சிடுவாங்க, மதுரோவுக்கு 60 டிகிரி செல்சியஸ் பக்கம் போற வரைக்கும் விடுவாங்க, அப்படி மாசக்கணக்குல நடக்கும். மெல்லிசு இலை அந்த சூட்டுல இத்துப் போயிடும், அதனாலதான் பிராட்லீஃப், மெக்ஸிகோவுல வெராக்ரூஸ் மாகாணத்து சான் ஆந்த்ரேஸ், பிரேசில்ல பாஹியாவோட மாத்தா ஃபீனா மாதிரி தடிச்ச இலையா பாத்து மதுரோவுக்கு எடுக்குறாங்க. அந்தப் பிலோன்லதான் அம்மோனியா வெளிய போகும், புரதம் உடையும், இலை கறுக்கும்.

இனிப்பு பத்தி ஒண்ணு சொல்லணும். காத்துல உலர்த்துற புகையிலையில இருக்கிற சர்க்கரை உலர்றப்பவே பெரும்பாலும் தீந்து போயிடும். அதனால மதுரோவுல நாம இனிப்புன்னு சொல்றது நாக்குல இனிக்கிற சர்க்கரை கிடையாது, வறுபட்ட பொருளோட வாசனையை மூக்கு இனிப்புன்னு எடுத்துக்குது. உதட்டுல வெச்சதுமே, பத்த வெக்கிறதுக்கு முன்னாடியே, நாக்கு நுனியில தித்திச்சுதுன்னா யாரோ எதையோ தடவியிருக்காங்க. சாயத்துக்கு ஈரமான வெள்ளை டிஷ்யூவால ரேப்பரை லேசா துடைச்சுப் பாருங்க, லேசா பழுப்பு ஒட்டுறது எல்லா இலையிலயும் உண்டு, கறுப்பா மை மாதிரி இறங்குச்சுன்னா அந்த பிராண்டை விட்டுடுங்க.

கேள்வி: என் வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டுட்டு இப்ப சிகார் பிடிக்கிறார். "உள்ள இழுக்கிறதில்ல, அதனால கெடுதல் இல்ல"ன்னு சொல்றார். நீங்களும் உள்ள இழுக்கக் கூடாதுன்னுதான் எழுதுறீங்க. அப்ப நல்லதா? (வாசகி, சென்னை)

இல்லம்மா, நல்லது இல்ல, அவர் சொல்றது தப்பு. நெஞ்சுக்குள்ள இழுக்காட்டி நுரையீரலுக்குப் போறது குறையும், ஆனா வாய், நாக்கு, தொண்டை, உணவுக்குழாய் புற்றுநோய் வர்ற வாய்ப்பு சிகார் பிடிக்கிறவங்களுக்கும் இருக்கு, இது ரொம்ப காலமா நிரூபிச்ச விஷயம். சிகார் புகை காரத்தன்மை உள்ளது, அதனால உள்ள இழுக்காமலே வாயோட உள்தோல் வழியா நிக்கோட்டின் ரத்தத்துல கலக்கும், பழக்கமும் பிடிச்சுக்கும். ஒரு பெரிய சிகார்ல இருக்கிற புகையிலை ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குக் கூட வரும். அது மட்டும் இல்ல, சிகரெட் பிடிச்சு பழகினவங்க சிகாருக்கு மாறினா தன்னை அறியாமலே உள்ள இழுத்துடுறாங்க, உங்க வீட்டுக்காரருக்கு அந்த ஆபத்து மத்தவங்களைவிட ஜாஸ்தி. மதுரோ, நேச்சுரல், ஆர்கானிக்னு எந்தப் பேர் வெச்சாலும் இதுல மாத்தம் இல்ல. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது. சிகரெட்டை விட்டவரு பெரிய காரியம் பண்ணியிருக்காரு, இதையும் விடச் சொல்லுங்க, அவர் பல் டாக்டர்கிட்ட வாயை ஒரு தடவை காட்டட்டும். வீட்டுக்குள்ள, குழந்தைங்க இருக்கிற இடத்துல புகைக்கவே விடாதீங்க.

கேள்வி: ரிவ்யூ எழுதுறவங்க டார்க் சாக்லேட், எஸ்பிரெசோ, தேவதாரு, தோல்னு அடுக்குறாங்க. எனக்கு புகைதான் தெரியுது. என் நாக்குல கோளாறா? (வாசகர், கோயம்புத்தூர்)

கோளாறு இல்ல, அந்த ரிவ்யூ எழுதுறவரு சின்ன வயசுல சாப்பிட்டதை வெச்சு எழுதுறாரு, நீங்க உங்க வீட்டுல சாப்பிட்டதை வெச்சு எழுதுங்க. தேவதாரு வாசனை தெரியாதவங்களுக்கு பென்சில் சீவுறப்ப வர்ற வாசனை தெரியும், அதேதான். தோல்னா புதுச் செருப்புக் கடை. டார்க் சாக்லேட்னு எழுதுற இடத்துல எனக்குப் பாதி நேரம் கருப்பட்டிதான் ஞாபகம் வரும், பேரீச்சம்பழம், சுட்ட வேர்க்கடலைத் தோல், வறுத்த மல்லி, மிளகு, மழை பெஞ்ச செம்மண், இப்படி உங்ககிட்ட ஏற்கனவே ஒரு பெரிய கிடங்கு இருக்கு. அதோட பிடிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி காரசாரமா சாப்பிடாதீங்க, பக்கத்துல ஊதுபத்தி வேணாம், சென்ட் வேணாம், குடிக்க தண்ணி மட்டும் வெச்சுக்கோங்க. காபியும் ரம்மும் மதுரோவுக்கு ரொம்ப பொருத்தம்தான், ஆனா மதிப்பிடுற அன்னிக்கு வேணாம், கொக்கோ சிகார்லேர்ந்து வந்துச்சா கப்புலேர்ந்து வந்துச்சான்னு குழம்பிடுவீங்க.

கேள்வி: அண்ணை, எங்கட அப்பப்பா யாழ்ப்பாணத்தில சுருட்டுக் கொட்டில் வைச்சிருந்தவர். அவையள் சுத்தின சுருட்டும் நல்ல கறுப்புத்தான். அதையும் மதுரோ எண்டு சொல்லலாமோ? (வாசகர், டொராண்டோ)

சொல்ல முடியாது, ஆனா அதனால உங்க அப்பப்பா சுருட்டு ஒரு படி கீழன்னு அர்த்தம் இல்ல. யாழ்ப்பாணப் புகையிலையை தேங்காய் மட்டை, பொச்சு எரிச்சு அந்தப் புகையில பதப்படுத்துவாங்க, அப்புறம் சுருட்டுக்கு கோடாங்கிற பதச்சாறு போடுவாங்க, அந்தக் கறுப்பும் அந்த வாசனையும் அதுலேர்ந்து வர்றது. மதுரோவுல நெருப்போ புகையோ கிட்டயே வராது, காத்துல உலர்த்தி தன்னோட சூட்டுலயே புளிக்க விடுறது. முறை வேற, அதனால ருசியும் வேற. ஒரு காலத்துல திருவிதாங்கூர் வரைக்கும் யாழ்ப்பாணப் புகையிலைக்கு பெரிய கிராக்கி இருந்துச்சு, நம்ம பக்கம் உறையூர் சுருட்டும் திண்டுக்கல் சுருட்டும் வெள்ளைக்காரன் காலத்துல கப்பல்ல சீமைக்குப் போயிருக்கு. இந்தச் சுருட்டை எல்லாம் எப்படிப் பதம் பாத்தாங்க, கோடாவுல என்னென்ன சேத்தாங்கன்னு எழுதி வெச்சவங்க ரொம்ப கம்மி. உங்க வீட்டுப் பெரியவங்க யாருக்காவது ஞாபகம் இருந்தா இப்பவே கேட்டு எழுதி வெச்சுடுங்க, எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்க, உண்மையிலேயே தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு.

கேள்வி: 90 பாயின்ட் வாங்கின சிகார்னா நம்பி வாங்கலாமா? (வாசகர், பெங்களூரு)

அந்த எண் எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. 1992-லேர்ந்து வர்ற சிகார் அஃபிசியோனாடோ பத்திரிகை 100-க்கு மார்க் போடுது, தோற்றமும் கட்டும் 15, ருசி 25, எரியுறதும் இழுக்குறதும் 25, மொத்த அபிப்பிராயம் 35. எந்த பிராண்டுன்னு தெரியாம, பேர் போட்டிருக்கிற காகிதப் பட்டையை எடுத்துட்டுத்தான் பிடிக்கக் குடுப்பாங்க, அது நல்ல முறை, நீங்களும் வீட்டுல யாரையாவது பட்டையை உருவிக் குடுக்கச் சொல்லி ஒரு தடவை பண்ணிப் பாருங்க, விலை தெரியாம பிடிக்கிறப்ப நாக்கு நேர்மையா இருக்கும். ஆனா அதிக மார்க் மொத்த அபிப்பிராயத்துக்குத்தான் இருக்குங்கிறதை கவனிங்க, அதாவது அங்க ருசி பாக்கிறவங்களுக்குப் பிடிச்சிருக்கா இல்லையாங்கிறது. சிகார் கையால சுத்துறது, ஒரே பாக்ஸ்ல பக்கத்து பக்கத்துல இருக்கிறதே வேற மாதிரி இருக்கும், அதனால ஒண்ணை மட்டும் பிடிச்சிட்டு தீர்ப்பு எழுதாதீங்க, வேற வேற நாள்ல ரெண்டு மூணாவது பாத்துட்டு எழுதுங்க.

கேள்வி: சென்னை ஈரத்துல சிகாரை எப்படி வெக்கிறது? என் மதுரோ மேல வெள்ளையா பொடி மாதிரி வந்திருக்கு, அது நல்ல அடையாளம்னு நண்பர் சொல்றார். (வாசகர், சென்னை)

அது பூஞ்சைங்க. எண்ணெய் படிஞ்சு பூக்குதுன்னு ஒரு கதை சொல்வாங்க, நான் பாத்த வரைக்கும் வெள்ளையா பஞ்சு மாதிரி வந்தது எல்லாம் பூஞ்சைதான். அடிப்பக்கம் வந்திருந்தா யோசிக்காம தூக்கிப் போட்டுடுங்க. காத்து புகாத டப்பா, உள்ள 65 சதவீத ஈரப்பத பாக்கெட், டப்பாவை ஏசி ஓடுற ரூம்ல வெயில் படாத இடத்துல வெச்சா போதும், விலை உயர்ந்த மரப்பெட்டி எல்லாம் அவசியம் இல்ல. 70 சதவீதம்னு பழைய கணக்கு ஒண்ணு உண்டு, தடிச்ச மதுரோ இலைக்கு அது ஜாஸ்தி, நமநமத்துப் போய் பிடிக்கவே மாட்டேங்குது. வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினா புகையிலை வண்டோட முட்டை பொரிக்கும், ரேப்பர்ல குண்டூசித் துளை தெரிஞ்சா அதான். அப்படி இருந்தா மத்ததை பையில போட்டு காத்து போகாம கட்டி மூணு நாள் ஃப்ரீசர், ஒரு நாள் ஃபிரிட்ஜ், அப்புறம் வெளிய எடுங்க. சாதாரணமா ஃபிரிட்ஜ்ல வெச்சுக்காதீங்க, காஞ்சு போகும், சாம்பார் வாசனையும் ஏறும்.

கேள்வி: கியூபா டூர் போனப்ப வரதேரோ பீச்ல ஒருத்தர்கிட்ட கண்ணாடி மூடி போட்ட பெட்டியில கொய்பா மதுரோ 5 பாதி விலைக்கு வாங்கினேன். ஒரிஜினலா? (வாசகர், துபாய்)

கண்ணாடி மூடின்னாலே போலி. கொய்பா அந்த மாதிரி பெட்டியே போடுறதில்ல. மதுரோ 5 வரிசை 2007-ல வந்துச்சு, செக்ரெத்தோஸ், மாஹிக்கோஸ், ஹெனியோஸ்னு மூணே சைஸ். உள்ள என்ன இலை இருக்குன்னு தெரியாததை பிடிக்க வேணாம்.

கேள்வி: ஏற்கனவே சிகார் பிடிக்கிறவன், மதுரோ இதுவரை தொட்டதில்ல. எதுலேர்ந்து ஆரம்பிச்சா வித்தியாசம் புரியும் சார்? (வாசகர், கோலாலம்பூர்)

ஒரே சிகாரோட நேச்சுரலையும், அதாவது வெளிர் ரேப்பர் சுத்தினதையும், மதுரோவையும் வாங்குங்க, அதைவிட நல்ல பாடம் கிடையாது. பத்ரோன் 1964 விலை ஜாஸ்தி, அதனால முதல்ல அதே கம்பெனியோட சாதா வரிசையில 2000 இல்லன்னா 3000 எடுத்துக்கோங்க, ரெண்டு நிறத்துலயும் வரும், விலையும் கம்மி. அளவு ஒண்ணு, ஊர் ஒண்ணு, ரேப்பர் மட்டும் வேறன்னு வர்றப்பதான் மதுரோ என்ன குடுக்குதுன்னு தனியா பிடிபடும். அதுக்கப்புறம் இலைக்கு இலை பாக்கணும்னா பிராட்லீஃபுக்கு எஸ்தெலியில ட்ரூ எஸ்டேட் பண்ற லீகா பிரிவாதா நம்பர் 9, சான் ஆந்த்ரேஸுக்கு ஒலிவா சீரி வி மெலானியோ மதுரோ. முதல்ல சொன்னது மண்ணும் கறுகுன காபியுமா முரட்டுத்தனமா இருக்கும், ரெண்டாவது இன்னும் வழவழப்பு, கொக்கோ தூக்கலா தெரியும். எனக்கு முதல்ல சொன்னதுதான் பிடிக்கும், ஆனா லீகா பிரிவாதாவை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் எடுக்கணும், அதுல நிறமும் கறுப்பு, வீரியமும் இருக்கு. நேச்சுரலையும் மதுரோவையும் ஒரே நாள்ல பிடிக்க வேணாம், ரெண்டாவதுக்கு நாக்கு செத்துப் போயிருக்கும், அடுத்தடுத்த வாரம் ஒரே நேரத்துல ஒரே மாதிரி சாப்பாட்டுக்கு அப்புறம் பிடிச்சு, தனித்தனி பேப்பர்ல குறிச்சுக்கிட்டு, ரெண்டு பேப்பரையும் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு எழுதுங்க.